கிராங் பின் லூசாகிவிட்டால்: வீட்டில் கிராங் வேலை செய்பவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

பிஸ்ரனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்குவது கிராங். ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளினதும் ஓட்டோவினதும் கிராங்கை வெட்டிப் பார்த்தால் மூன்று பெரிய உறுப்புகள் தெரியும்: இரண்டு கனத்த உருக்குச் சில்லுகள், அவற்றை இணைக்கும் ஒரு கிராங் பின். அந்தப் பின்னில்தான் கொன்ரொட்டின் (பிஸ்ரனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டின்) பிக்கென்ட், அதாவது பெரிய முனை, ஊசி போன்ற உருளைகள் கொண்ட நீடில் பெயாரிங்கோடு சுழல்கிறது. பின்னுக்கு நட்டும் இல்லை, மரையும் இல்லை. சில்லின் ஓட்டையைவிடப் பின் ஒரு மயிரிழை பெரிது. அந்த மயிரிழைதான் முழுப் பிடியும். அது தேய்ந்து போன கிராங்கை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதே இங்கே. கடைசிப் பகுதியில், "லூஸ் பின்" என்று சொல்லிக்கொண்டு வரும் வேறு சில பின்களையும் தொட்டிருக்கிறோம்.

என்ர எஞ்சினுக்கு இது பொருந்துமோ?

ஹொண்டா எம்டி 90, சாலி, கப், பஜாஜ், ரிவிஎஸ் ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள், பஜாஜ் ஓட்டோ: இவற்றுக்குப் பொருந்தும். எல்லாம் பிரஸ்ஸில் அமுக்கிப் பூட்டிய கிராங்.

தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மிசினுக்குப் பொருந்தாது. அந்த வகைச் சிறிய எஞ்சின்களில் கிராங் ஒரே வார்ப்பு. கொன்ரொட்தான் இரண்டாகப் பிரியும். லான்ட்மாஸ்ரர், கார், உழவு இயந்திரம் எல்லாவற்றிலும் அப்படியே. அவற்றில் "பின் லூஸ்" என்றால் பெயாரிங் இடைவெளி கூடிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மருந்து கிராங்கை 0.25 அல்லது 0.50 மி.மீ. குறைத்துக் கிறைண்ட் பண்ணி, அந்த அளவுக்குரிய பெயாரிங் போடுவது. கொன்ரொட்டின் மூடியை அராவி இறுக்குவது மருந்தல்ல. வட்டமாக இருந்த ஓட்டை அப்போது முட்டை வடிவமாகும்.

ஹொண்டா சிடி 125 போன்ற இரட்டைச் சிலிண்டர் கிராங்கும் அமுக்கிப் பூட்டியதுதான். ஆனால் சில்லுகள் நான்கு, நடுவிலும் பெயாரிங். அதை முதல் வேலையாக வீட்டில் எடுக்க வேண்டாம்.

பின் லூஸ் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

எஞ்சினைத் திறக்க முன்னர் தெரியும் அடையாளங்கள்: முன்பு இல்லாத அதிர்வு கால்வைக்கும் கம்பியில் வருவது, குறிப்பிட்ட வேகத்தில் கைபிடி மரத்துப்போகும் அளவுக்கு நடுங்குவது, கிராங் அச்சின் நுனியில் பூட்டிய மக்னெற் சில்லு சுழலும்போது கண்ணுக்கே ஆட்டம் தெரிவது, கிராங் சீல் அடிக்கடி போவது. இவை வளைந்த கிராங்குக்கும் பொதுவானவை. அதனால் திறந்து பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

திறந்த பிறகு தெரிபவைதான் உறுதியானவை. பின்னும் சில்லும் சேரும் வட்டக் கோட்டில் செங்கபிலத் தூள் இருந்தால் அங்கே இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருந்திருக்கின்றன. பலர் இதைச் சாதாரணத் துரு என்று துடைத்துவிட்டுப் பூட்டுவார்கள். காரைநகர், ஊர்காவற்றுறைப் பக்கம் உப்புக் காற்றில் நின்ற வண்டியில் வெளியில் துரு பிடிப்பது இயல்பு. ஆனால் ஒயிலில் குளித்துக்கொண்டிருக்கும் கிராங்கின் உள்ளே, அதுவும் சரியாக அந்தக் கோட்டில் மட்டும், துரு வர வேறு காரணம் இல்லை.

பின்னின் நுனி சில்லின் மட்டத்தைவிட வெளியே தள்ளி நிற்பதும், கிராங் கேஸின் உட்புறத்தில் வட்டமான உரசல் தழும்பு இருப்பதும் அடுத்த அடையாளம். மூன்றாவது, பிரஸ் சொல்லும் சாட்சி: பின்னைக் கழற்றும்போது முதலில் "டக்" என்று ஒரு சத்தத்தோடு விட வேண்டும். சத்தமே இல்லாமல் வெண்ணெயில் கத்தி போவதுபோல் வந்தால் பிடி ஏற்கெனவே போய்விட்டது.

இன்னொன்று: கிராங்கை நேராக்கும்போது சிறு தட்டுக்கே சில்லு நகர்ந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். நல்ல பிடியுள்ள கிராங் நன்றாக அடி வாங்கித்தான் அசையும். எளிதில் நேராகும் கிராங் எளிதில் கோணலும் ஆகும்.

எதை வைத்து அளக்க வேணும்? வேர்னியர் காணாதோ?

காணாது. சாதாரண வேர்னியர் 0.02 மி.மீ. படியில் காட்டும், கை அழுத்தத்தில் இன்னும் அவ்வளவு பிழைக்கும். நாங்கள் தேடும் மொத்த அளவே 0.05, 0.06 மி.மீ. தான்.

பின்னுக்கு 0–25 மி.மீ. வெளி மைக்ரோமீற்றர் வேண்டும், 25 மி.மீ. தாண்டிய பின் என்றால் 25–50. ஓட்டைக்கு டயல் வைத்த போர் கேஜ் நல்லது. அது கிடைக்காவிட்டால் விரிந்து பூட்டும் ரெலஸ்கோப் கேஜை ஓட்டையில் விட்டு எடுத்து, அதை அதே மைக்ரோமீற்றரால் அளக்கலாம். ஒரே மைக்ரோமீற்றரால் இரண்டையும் அளப்பதில் ஒரு வசதி உண்டு: கருவியில் ஒரு நிலையான பிழை இருந்தாலும் கழித்துப் பார்க்கும்போது அது அடிபட்டுப் போகும். ரெலஸ்கோப் கேஜில் ஐந்து தடவை அளந்து, ஒன்றோடொன்று ஒத்துவரும் அளவுகளை மட்டும் எடுங்கள்.

ஓட்டையை மூன்று ஆழத்தில் அளக்க வேண்டும்: உள்வாய், நடு, வெளிவாய். ஒவ்வொரு ஆழத்திலும் இரண்டு திசை, ஒன்றுக்கொன்று செங்குத்தாக. ஒரு சில்லுக்கு ஆறு அளவு, இரண்டுக்கும் பன்னிரண்டு. ஓர் அட்டையில் எழுதுங்கள். வாய்ப்பக்கம் மட்டும் 0.02 பெரிதாக இருந்தால் முன்பு யாரோ பின்னைக் கோணலாக ஏற்றியிருக்கிறார்கள். ஒரு திசை மட்டும் பெரிதென்றால் ஓட்டை நீண்டுவிட்டது. அங்கே புதுப் பின் மட்டும் போட்டுப் பயனில்லை.

அளக்க முன்னர் எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வரட்டும். முற்றத்து வெயிலில் கிடந்த சில்லும் நிழலில் இருந்த பின்னும் 20 பாகை வித்தியாசப்பட்டால், 22 மி.மீ. விட்டத்தில் 0.005 மி.மீ. பொய் சொல்லும். இரண்டையும் ஓர் இரவு வீட்டுக்குள் ஒரே மேசையில் வைத்துவிட்டுக் காலையில் அளப்பது போதும். கழுவுவதற்குப் பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய், துடைக்கப் பஞ்சுத் துணி. எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் சுண்ணாம்புப் படை ஒன்று காய்ந்து நிற்கும். மைக்ரோமீற்றர் அதையும் சேர்த்து அளந்துவிடும்.

எவ்வளவு இறுக்கம் இருக்க வேணும்?

உங்கள் எஞ்சினின் பராமரிப்புக் கைநூலில் அளவு இருந்தால் அதுதான் முடிவு. இல்லையென்றால், 20 முதல் 25 மி.மீ. வரையான பின்னுக்குப் பின் ஓட்டையைவிட 0.05 முதல் 0.08 மி.மீ. பெரிதாக இருப்பது பாதுகாப்பான வரம்பு. 0.03 க்குக் கீழே வந்தால் ஓட்ட வேண்டாம். 0.10 ஐத் தாண்டினால் ஏற்றும்போது உலோகம் உராய்ந்து பிய்யும். சில்லின் விளிம்புப் பக்கம் மெல்லியதாக இருந்தால் வெடிக்கவும் கூடும்.

ஏன் இவ்வளவு கறார் என்பதற்கு ஒரு கணக்கு. 22 மி.மீ. பின், 16 மி.மீ. தடிப்புள்ள சில்லு, 0.06 மி.மீ. இறுக்கம். உருக்கின் மீள்தன்மையையும் 0.12 என்ற உராய்வையும் வைத்துக் கணக்கிட்டால், பின்னை ஏற்ற ஏறக்குறைய 3 தொன் அழுத்தம் வேண்டும். சில்லு அந்தப் பின்னில் திருகாமல் தாங்கும் முறுக்குவிசை ஏறக்குறைய 300 நியூட்டன் மீற்றர். இறுக்கம் பாதியானால் இரண்டும் பாதியாகும். 0.015 என்றால் 75 மட்டுமே மிஞ்சும்.

100 சிசி எஞ்சின் தருவதே 8 நியூட்டன் மீற்றர்தானே, 75 தாராளம் என்று தோன்றும். அந்த 8 சராசரி. ஒவ்வொரு வெடிப்பிலும் பின்மேல் விழும் அடி அதைவிடப் பல மடங்கு. கியர் மாற்றும்போது செயின் வெட்டி இழுப்பதும், பள்ளத்தில் பின்சில்லு துள்ளி மீண்டும் வீதியைப் பிடிப்பதும் வேறு. இவை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் வந்து கொண்டிருக்கும்போது, பிடி கொஞ்சம் நழுவத் தொடங்கினாலே உரசல் தொடங்கும். உரசல் தொடங்கினால் பிடி இன்னும் குறையும்.

லேத் பட்டறையில் அங்குலக் கணக்கில் பேசினால், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது 0.025 மி.மீ. ஆக நீங்கள் கேட்பது இரண்டு முதல் மூன்று பங்கு.

புது ரொட் கிட் (கொன்ரொட், பின், பெயாரிங் சேர்ந்த செற்) வாங்கிப் போட்டும் லூஸ். ஏன்?

மூன்று காரணம். ஒன்று, பின் சிறிது: மலிவான கிட்டுகளில் பின் 0.01, 0.02 மி.மீ. குறைந்து வருவது அபூர்வமல்ல. கடையிலேயே மைக்ரோமீற்றரை வைத்துப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. இரண்டு, சில்லின் ஓட்டை பெரிது: ஒவ்வொரு தடவை பின்னைக் கழற்றி ஏற்றும்போதும் ஓட்டையின் சுவர் கொஞ்சம் வழுக்கிப் பெருக்கும். மூன்றாவது கிட் போடும் கிராங் என்றால் பின்னைச் சந்தேகிக்க முன்னர் ஓட்டையைச் சந்தேகிக்க வேண்டும். மூன்று, ஓட்டையை யாரோ எமறித்தாளால் "சுத்தம்" பண்ணியிருக்கிறார்கள். பத்து நிமிடம் எமறி போட்டால் முழு இறுக்கமும் அதோடு போகும்.

பின்னின் இரண்டு நுனியையும் தனித்தனியே பாருங்கள். ஒரு சில்லில் நல்ல பிடி, மற்றதில் லூஸ் என்பதுதான் அடிக்கடி நடப்பது. அப்படியானால் வேலையும் பாதி.

பின்னிலை பஞ்ச் குத்தி ஏத்தினால் நல்லா இறுகுதே?

ஏற்றும்போது இறுகும். சென்ரர் பஞ்சால் குத்தினால் குழியைச் சுற்றி ஒரு சிறு மேடு எழும்பும். அந்த மேடுகள் மட்டும்தான் ஓட்டையின் சுவரைத் தொடும். மீதி முழுவதும் காற்று. சில நூறு கிலோமீற்றரில் மேடுகள் நசிந்து படுத்துவிடும். அதற்குள் ஓட்டைச் சுவரிலும் கீறல் விழுந்திருக்கும், அடுத்து வரும் ஒழுங்கான பின்னுக்கும் இடமில்லாமல் போகும். கிட்டின் பின் மேல்தோல் கடினமாக்கப்பட்டது. நல்ல பின்னில் பஞ்ச் பதியவே பதியாது. பதிந்தால் அந்தப் பின்னையே வாங்கியிருக்கக் கூடாது.

சோடாத் தகரத்தை வெட்டி இடையில் சுற்றுவதும் இதே குடும்பம். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் உதிரிப்பாகம் வராமல், பெற்றோல் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. அந்தக் காலத்துக் கைவைத்தியம் சில இன்றும் பட்டறைகளில் உண்டு, அவற்றில் மெச்சத்தக்கவையும் உண்டு. கிராங் பின்னுக்குத் தகரம் சுற்றுவது அந்தப் பட்டியலில் இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்ட சாமான் இரவு பஸ்ஸில் விடியும்போது யாழ்ப்பாணம் வந்து சேரும் நாளில் அதற்குத் தேவையுமில்லை.

பின் கையாலை தள்ளவே போகுது. லொக்ரைட் போட்டால் நிக்காதோ?

கையால் போகும் பின்னுக்கு லொக்ரைட் மருந்தல்ல.

ஆனால் கேள்வி நியாயமானது. காகிதத்தில் பார்த்தால் நிற்க வேண்டும். லொக்ரைட் 638 போன்ற உருளைப் பிடிப்புப் பசை, சுத்தமான உருக்கில் முழுதாக இறுகினால் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூட்டனுக்கு மேல் தாங்கும். மேலே சொன்ன பின்னின் ஒரு நுனிக்குச் சுமார் 1,100 சதுர மி.மீ. பரப்பு. பெருக்கினால் 27,000 நியூட்டன் தாண்டும், கிட்டத்தட்ட நல்ல இறுக்கத்தின் பலம். பிறகு என்ன குறை? அந்த எண் புதிதாக, அறை வெப்பத்தில், ஒரே தடவை இழுத்துப் பார்த்த எண். கிராங்கில் இருப்பது கொதி ஒயிலும், இலட்சக்கணக்கான தடவை மாறி மாறி வரும் வளைவும். அத்தோடு ஒயில் ஊறிய பழைய சில்லை முழுச் சுத்தமாக்குவது வீட்டில் முடிகிற காரியமல்ல. இன்னொரு சிக்கலையும் பசை தீர்க்காது: லூஸ் ஓட்டையில் பின் நடுவில் நிற்க மாட்டாது, ஒரு பக்கம் சாய்ந்தபடியே இறுகிவிடும். அந்தக் கிராங் ஒருநாளும் நேராகாது.

லொக்ரைட்டுக்கு உரிய இடம் ஒன்று உண்டு: 0.03 முதல் 0.05 வரை இறுக்கம் இருக்கிறது, கொஞ்சம் கூடுதல் உறுதி வேண்டும் என்னும்போது. அப்போது 638 அல்லது 648. சிவப்போ நீலமோ போல்ட் பசை அல்ல. இரண்டு மேற்பரப்பையும் அசிற்றோனால் மூன்று தடவை துடைத்து, ஒவ்வொரு தடவையும் புதுத் துணி எடுங்கள். பசையை ஓட்டையின் உட்சுவரில் மெல்லப் பூசுங்கள், பின்னில் அல்ல. பின் உள்பக்கமிருந்து போகும்போது மிச்சப் பசையை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். பின்னில் பூசினால் வழித்தெடுத்த பசை எல்லாம் பெயாரிங் பக்கம் சேரும். நீடில் இறுகினால் முழு வேலையும் குப்பை. நான்கு ஸ்ரோக் கிராங்கின் ஒயில் துளையைச் சுற்றி 3 மி.மீ. விட்டுவிட்டுப் பூசுங்கள். பசை இறுகத் தொடங்க முன்னரே கிராங்கை நேராக்கி முடிக்க வேண்டும், பிறகு 24 மணி நேரம் தொடக்கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து வருவதால், முதல்முறை செய்பவருக்குப் பசையில்லாத வேலைதான் நிம்மதி.

அப்ப சரியான வழி என்ன?

அளவைச் சரிசெய்வது. சுலபமானதிலிருந்து கடினமானதுக்குப் போவோம்.

முதலாவது, சரியான அளவுள்ள வேறு பின். ஓட்டைகள் வட்டமாக இருந்து, பின் மட்டும் சிறிது என்றால் இதோடு முடிந்தது. இரண்டு மூன்று கடையில் வேறு வேறு தயாரிப்பின் பின்னை அளந்து பார்த்தாலே 0.02 வித்தியாசம் கிடைப்பதுண்டு.

இரண்டாவது, சில்லுச் சோடியையோ முழுக் கிராங்கையோ மாற்றுவது. ஓட்டை நீண்டிருந்தால், சில்லில் வெடிப்பு இருந்தால், இதைவிட வேறு வழி தேட வேண்டாம். பஜாஜ், ரிவிஎஸ் வண்டிகளுக்கு முழுக் கிராங் தாராளமாகக் கிடைக்கும்; பட்டறைக் கூலியைக் கூட்டிப் பார்த்தால் மற்ற வழிகளை விடச் செலவு பெரிதாகக் கூடவும் மாட்டாது. பழைய ஹொண்டாக்களுக்குத்தான் அடுத்த வழி தேவைப்படும்.

மூன்றாவது, படிவைத்த பின்: பெயாரிங் ஓடும் நடுப்பகுதி பழைய அளவில், சில்லில் ஏறும் நுனி மட்டும் பெரிதாக. இதை மெதுவான உருக்குத் தடியில் லேத்தில் கடைந்து செய்யக் கூடாது; நீடில்கள் ஒரு மாதத்தில் அதில் வாய்க்கால் வெட்டிவிடும். சற்றுப் பெரிய எஞ்சினின் கடினமாக்கிய பின் ஒன்றை எடுத்து, உருளைக் கிறைண்டரில் அளவுக்குக் குறைக்க வேண்டும். அந்தக் கடினத் தோல் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் ஆழம் மட்டுமே. ஆகவே விட்டத்தில் அரை மில்லிமீற்றருக்கு மேல் குறைக்க வேண்டியிராத பின்னாகத் தேர்ந்தெடுங்கள். நீளமும் ஒயில் துளையின் இடமும் ஒத்துவர வேண்டும்.

பட்டறையில் "இதைக் கொஞ்சம் இறுக்கித் தாங்கோ" என்று சொன்னால் எதுவும் கிடைக்கலாம். கடதாசியில் எழுதிக் கொடுங்கள். உதாரணமாக ஓட்டை 22.03 அளந்தால்: நுனி 22.09, கூடக்குறைய 0.005, நடுப்பகுதி பழைய பின்னின் தேயாத இடத்து அளவு, நுனியின் தொடக்கத்தில் 0.5 மி.மீ. சரிவு, கூர்மையில்லாமல் உருட்டியது. படி ஏறும் மூலையில் கீறல் இல்லாமல் சிறு வளைவு. அந்த மூலையைக் கூராக விட்டால் களைத்து முறியும் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

நுனி நடுவைவிடப் பெரிதென்றால் பெயாரிங்கை எப்படி நுழைப்பது? ஒரு பக்கம் மட்டும் லூஸ் என்றால் அந்தப் பக்கம் மட்டும் படி வையுங்கள். பெயாரிங் மற்ற நுனியால் போகும். இரண்டு பக்கமும் படி வேண்டுமென்றால், நீடில்களைப் பிடித்திருக்கும் கூட்டை முதலில் பின்னில் ஏற்றிப் பிறகு கொன்ரொட்டை அதன்மேல் ஏற்ற வேண்டும். கொன்ரொட்டுக்கு வெளியே நீடில்கள் கொஞ்சம் வெளிப்பக்கம் விலகிக் கொடுக்கும், 0.1 மி.மீ. க்கு உட்பட்ட படியை அநேகமாகத் தாண்டிவிடும். பட்டறைக்குப் போகும்போது பெயாரிங்கையும் கொண்டுபோய் அங்கேயே நுழைத்துப் பாருங்கள்.

நான்காவது, ஓட்டையைப் பெருப்பித்து உறை போடுவது. சில்லின் விளிம்புக்கும் ஓட்டைக்கும் இடையில் இருப்பதே சில மில்லிமீற்றர் உலோகம். அதையும் கடைந்துவிட்டால் பிடிக்க என்ன மிஞ்சும்? விட்டுவிடுங்கள். நுனிக்குக் கடின குரோமியம் ஏற்றுவது தொழிற்சாலைகளில் செய்யப்படும் ஒழுங்கான முறை. ஆனால் முலாமிட்ட கையோடு 190 பாகை அளவில் பல மணி நேரம் சுடாவிட்டால் கடின உருக்கு நொறுங்கும் தன்மை பெறும். அது தெரிந்தவரிடம் மட்டும் கொடுக்கலாம்.

நுனியிலை ஒரு பொட்டு வெல்டிங் வைச்சால்?

நல்ல இறுக்கமுள்ள பின்னில், ஓட்டப்பந்தய எஞ்சின்களுக்கு, ரிக் வெல்டிங்கால் இரண்டு சிறு பொட்டு வைப்பார்கள். அது திருகாமல் இருக்க ஒரு காப்பு. லூஸ் பின்னை வெல்டிங் காப்பாற்றாது: பின் உள்ளே உரசிக்கொண்டே இருக்கும், முழுச் சுமையும் அந்தப் பொட்டில் விழும், கடின உருக்கில் வைத்த பொட்டு வெடித்துவிடும். சாதாரண வெல்டிங் கூரால் வைத்தால் வெப்பத்தில் சில்லும் இழுபடும். அடுத்த தடவை பின்னைக் கழற்றப் போகிறவர் உங்களை வாழ்த்த மாட்டார்.

பின்னை ஏத்துற ஒழுங்கைச் சொல்லுங்கோ.

பிரஸ் 10 தொன்னாவது வேண்டும். போத்தல் ஜக்கை இரும்புச் சட்டத்தில் பூட்டிய வீட்டுப் பிரஸ்ஸும் காணும், சட்டம் கோணாமல் இருந்தால். அழுத்தமானி இருந்தால் பெரிய உதவி: பின் ஒன்றரைத் தொன்னுக்கும் குறைவில் ஏறினால் அங்கேயே நிறுத்தி மறுபடி அளக்க வேண்டும். மானி இல்லாதவர்கள் ஜக்கின் கைபிடியில் வரும் பாரத்தைப் பார்க்க வேண்டும். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சீராகக் கூடிவர வேண்டும்.

சுத்தியலால் அடித்து ஏற்றவே கூடாது. ஒவ்வோர் அடிக்கும் பின் கொஞ்சம் சாயும், ஓட்டையின் வாய் விரியும்.

முதல் சில்லைப் பின் ஓட்டையைச் சுற்றி நெருக்கமாகத் தாங்கும் தடித்த உருக்கு வளையத்தின்மேல் வையுங்கள். சில்லின் வெளிவிளிம்பில் தாங்கினால் அமுக்கும்போது சில்லு வளையும். நான்கு ஸ்ரோக் என்றால் பின்னின் ஒயில் துளையும் சில்லின் ஒயில் வழியும் நேராக வர, இரண்டிலும் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். துளை விலகினால் பிக்கென்ட்டுக்கு ஒயில் போகாது. வண்டி கோப்பாய் தாண்ட முன்னர் இறுகிவிடும். மெல்லிய ஒயில் ஒரு துளி தடவி, பின்னை 2 மி.மீ. இறக்கி, மூலைமட்டம் வைத்து நான்கு பக்கமும் பாருங்கள். நேராக நின்றால் தொடர்ந்து முழுதாக இறக்கலாம்.

வெப்பமும் குளிரும் உதவும். சில்லை 150 பாகைக்குச் சூடாக்கினால் 22 மி.மீ. ஓட்டை ஏறக்குறைய 0.03 விரியும், பின்னை ஓர் இரவு பிரீசரில் வைத்தால் 0.012 சுருங்கும். 0.06 இறுக்கத்தில் அந்த நேரம் மிஞ்சுவது 0.018 மட்டும், பிரஸ் மெல்லத் தள்ளினாலே போகும். மின் அடுப்பும் வெப்பமானியும் பாவியுங்கள். காஸ் தீயில் நீல நிறம் வரும்வரை பிடித்தால் 300 பாகை ஆகிவிட்டது, கடினம் போயிற்று. இந்த உத்தி முதல் சில்லுக்கு மட்டும். இரண்டாவதை நேராகப் பிடிக்க நேரம் வேண்டும். சூடான சில்லு சில விநாடியில் கவ்விவிடும்.

பிறகு த்ரஸ்ட் வாசர், பெயாரிங், கொன்ரொட், மற்ற வாசர். எல்லாவற்றுக்கும் எஞ்சின் ஒயில் தாராளமாக. இரண்டாவது சில்லை மேலே வைத்து, இரண்டு சில்லுகளின் விளிம்பிலும் ஒரு நேர்விளிம்பைப் பின்னுக்கு 90 பாகை தள்ளிய இரு பக்கமும் சாத்திப் பாருங்கள். ஒளி தெரியாமல் இருந்தால் 2 மி.மீ. அமுக்கி மறுபடி சாத்துங்கள். இந்த இடத்தில்தான் திருத்துவது சுலபம். முழுதாக ஏறிய பிறகு பாடு.

கொன்ரொட்டின் பக்க இடைவெளியைப் பீலர் கேஜால் பார்த்துப் பார்த்து அமுக்க வேண்டும். சிறிய மோட்டார் சைக்கிள்களில் புதிதாக 0.10 முதல் 0.35 மி.மீ. வரை வருவது வழக்கம். ஒரேயடியாக அமுக்கிக் கொன்ரொட் இறுகிவிட்டால், ஆப்பு வைத்துத் திறக்கும்போது புதிதாகச் செய்த பிடி முழுவதும் மறுபடி பாதிக்கப்படும். ஆகவே 0.5 இல் நிறுத்தி, பிறகு மெல்ல மெல்ல.

நேராக்குவது எப்படி?

மெயின் பெயாரிங் உட்காரும் இடங்களில் இரண்டு வி புளொக், இரண்டு அச்சு நுனியிலும் டயல் கேஜ். மெல்லச் சுற்றுங்கள். முள் காட்டும் மொத்த ஆட்டம் 0.03 மி.மீ. க்குள் வந்தால் நல்ல வேலை, 0.05 உடன் பல எஞ்சின்கள் ஓடும், 0.10 என்றால் மறுபடி.

கோணல் இரண்டு வகை. ஒரு சில்லு மற்றதைவிட முன்னே திருகி நிற்பது ஒன்று: நேர்விளிம்பு எந்தப் பக்கம் முட்டுகிறது என்று பார்த்து, முன்னே நிற்கும் சில்லின் விளிம்பில் செப்பு அல்லது ஈயச் சுத்தியலால் ஒரே அடி. பல சிறு தட்டு வேண்டாம். மற்றது, சில்லுகள் சமாந்தரமாக இல்லாதது: பின்னுக்கு எதிர்ப்பக்கத்தில் இரண்டுக்கும் இடைவெளியை அளந்து, பின் பக்கத்து இடைவெளியோடு ஒப்பிடுங்கள். எதிர்ப்பக்கம் ஒடுங்கியிருந்தால் அங்கே பித்தளை ஆப்பு. விரிந்திருந்தால் வைஸில் நெரிப்பு. இரண்டு வகையும் கலந்திருக்கும். திருகலை முதலில் எடுங்கள்.

எத்தனை அடித்தும் 0.08 க்குக் கீழே வராவிட்டால் அச்சே வளைந்திருக்கலாம், அல்லது இரு சில்லின் ஓட்டைகளும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இல்லை. யாரோ ஒரு சில்லின் ஓட்டையை மட்டும் கடைந்திருந்தால் இப்படித்தான் வரும்.

கழட்டின பழைய பின்னைத் திருப்பிப் போடலாமோ?

வேண்டாம். ஏறி இறங்கிய நுனி தேய்ந்திருக்கும்.

பிஸ்ரன் பின்னும் கையால் போகுது. அதுவும் பிழையோ?

இல்லை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பிஸ்ரன் பின் ஒயில் தடவிப் பெருவிரலால் தள்ளப் போக வேண்டும். இரு பக்கமும் சேர்க்கிளிப் பிடித்துக்கொள்ளும். மேலும் கீழும் ஆட்டினால் "டிக் டிக்" என்று அடித்தால்தான் தேய்வு. பழைய சேர்க்கிளிப்பை மட்டும் திரும்பப் பாவிக்காதீர்கள்.

ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் பிளைவீல் பக்கத்து டவல் பின் லூஸ். புதுப் பின் வாங்கியும் ஆடுது.

முதலில் அங்குலமா மில்லிமீற்றரா என்று பாருங்கள். இந்தக் கார்கள் அங்குலக் கணக்கில் செய்தவை. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ.; யாரோ ஒருகாலத்தில் 8 மி.மீ. ரீமர் ஓட்டியிருந்தால் அசல் பின் 0.06 ஆடும். எதிர்ப்பக்கமாக, 8 மி.மீ. பின்னை 5/16 ஓட்டையில் அடித்து ஏற்றியிருந்தால் விளிம்பு பிளந்திருக்கலாம். 1/4 அங்குலம் 6.35, 3/8 அங்குலம் 9.525. இந்த மூன்று எண்ணையும் பட்டறைச் சுவரில் எழுதிவைப்பது நல்லது.

கிராங் பின்னைப் போல டவல் பின் சுமை தாங்குவதில்லை. அது இடத்தைக் காட்டுகிறது. பிடிப்பது போல்ட்டின் இறுக்கம். 8 மி.மீ. டவல் பின் எம்6 என்ற தரத்தில் வரும், அதாவது 8.006 முதல் 8.015 வரை. ஓட்டை 8.02 தாண்டியிருந்தால் கிராங் பிளாஞ்சையும் பிளைவீலையும் போல்ட் போட்டு ஒன்றாக இறுக்கியபடி, இரண்டையும் சேர்த்து அடுத்த அளவுக்கு ரீமர் ஓட்டுவது சரியான வழி. தனித்தனியே ஓட்டினால் மையம் விலகும். இங்கே கிராங் பக்கத்து ஓட்டையில் கொஞ்சம் லொக்ரைட் 638 தாராளமாகப் போடலாம். பிளைவீல் பக்கம் வழுக்கிக் கழல வேண்டும், அங்கே போட வேண்டாம்.

மக்னெற் கீ அடிக்கடி வெட்டுப்படுது. கீயின் காடி பெருத்துப் போச்சு.

கீ என்பது மக்னெற் சில்லை அச்சில் சரியான இடத்தில் நிறுத்தும் சிறு இரும்புத் துண்டு. அது சுமை தாங்குவதில்லை, அச்சு நுனியின் கூம்பு தாங்குகிறது. கூம்பு சரியாக உட்காராததால்தான் கீ வெட்டுப்படுகிறது. கீயைக் கழற்றிவிட்டு, கூம்பில் நுண்ணிய வால்வ் பேஸ்ட் தடவி, மக்னெற் சில்லைக் கையால் அரைச்சுற்று அரைச்சுற்றாகத் தேயுங்கள். முழுப் பரப்பும் மங்கிய சாம்பல் நிறமானால் போதும். வடிவாகக் கழுவி, ஒயில் இல்லாமல் உலர்வாகப் பூட்டி, நட்டைக் கைநூலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

எல்லாம் பூட்டியாச்சு. பின் நழுவுதோ எண்டு பிறகு எப்பிடிப் பாக்கிறது?

கிராங்கைக் கேஸுக்குள் வைக்க முன்னர், பின்னின் நுனியையும் சில்லையும் குறுக்காக வெட்டி ஒரு மெல்லிய கீறல் போடுங்கள், இரு பக்கமும். எப்போதாவது திறந்தால் அது விலகியிருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரியும். திறக்காமல் பார்க்க, கேஸ் பூட்டியதும் மக்னெற் பக்கத்து அச்சு நுனியில் டயல் கேஜ் வைத்து ஆட்டத்தை எழுதிக்கொள்ளுங்கள். முதல் 500 கிலோமீற்றரை முழு வேகமில்லாமல், ஆளேற்றாமல் ஓடி, ஒயிலை மாற்றும்போது வடிந்த ஒயிலில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மெல்லிய சாம்பல் சேறு வரும், மின்னும் செதில் வரக்கூடாது. அதே நாள் மக்னெற் மூடியைக் கழற்றி அதே இடத்தில் டயலை வையுங்கள். எழுதிய எண்ணிலிருந்து 0.02 க்குள் நின்றால் பின் இருந்த இடத்தில் இருக்கிறது. 0.05 கூடியிருந்தால் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, அந்தப் பன்னிரண்டு அளவு எழுதிய அட்டையைத் தேடி எடுங்கள்.